கணவாய் ஓட்டுக் கப்பல்

கணவாய் மீனை அரியும்போது அதன் முதுகுக்குள்ளிருந்து வெள்ளையாக ஓர் ஓடு வரும். உள்ளங்கை நீளத்தில், இரு முனையும் கூம்பி, நடுவில் அகன்று, பார்வைக்கே ஒரு சிறிய வள்ளம் போல இருக்கும். ஒரு பக்கம் வழவழப்பாகவும் கடினமாகவும் இருக்கும்; மறுபக்கம் நகத்தால் கீறினாலே மாவாக உதிரும். நாட்டு மருந்துக் கடைகளில் அதைக் கடல்நுரை என்று விற்கிறார்கள். அதன் உட்புறம் முழுவதும் மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக நின்று, அவற்றின் இடையே காற்று அடைபட்டிருப்பதால் அது நீரில் அமிழ்வதில்லை. உயிரோடு இருக்கும் கணவாய் அந்தச் சிற்றறைகளில் நீரைக் கூட்டியும் குறைத்தும்தான் கடலில் இறங்கவும் ஏறவும் செய்கிறது என்பதை வெகுகாலம் கழித்துத்தான் படித்தறிந்தேன். இராமேசுவரம் தீவுக்கு எதிரே உள்ள மண்டபம் என்ற ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கும் என் தம்பிக்கும் அந்த வயதில் தெரிந்ததெல்லாம், அது மிதக்கும் என்பதும் அதில் பாய்மரம் நடலாம் என்பதும்தான்.

வீட்டில் அரிந்த கணவாயின் ஓடு எங்களுக்கு உதவாது. வாடை போக நாளாகும். கரையில் ஒதுங்கி, வெயிலில் காய்ந்து, எலும்பு போல வெளுத்ததைத்தான் தேடி எடுப்போம். முனை உடையாத ஓடு கிடைப்பது அரிது. மென்மையான பக்கத்தைச் சிப்பியின் விளிம்பால் சுரண்டிக் குழியாக்கி, நடுவில் தென்னை ஈர்க்குச்சி ஒன்றைக் குத்தி நிறுத்தி, அதில் பூவரசு இலையைப் பாயாகக் கோப்போம். இலை மதியத்துக்குள் சுருண்டுவிடும் என்பதால், நெடுந்தூரம் போகவேண்டிய கப்பலுக்குப் பனையோலைதான் பாய். இவ்வளவும் செய்து நீரில் விட்டால் முதல் அலையிலேயே கவிழ்ந்துவிடும். என் தாத்தா வள்ளத்தில் தொழில் செய்தவர். அவர் ஒருநாள் எங்கள் அருகே குந்தி அமர்ந்து, கப்பலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அணியம் தூக்கி நிக்கணும், கடையால்ல கனம் இருக்கணும்" என்று, முன்முனை உயர்ந்தும் பின்முனை கனத்தும் இருக்க வேண்டுமெனச் சொல்லி, கிழிந்த வலையிலிருந்து ஓர் ஈயக்குண்டை அறுத்து, தங்கூசி எனும் நைலான் நரம்பால் அடியில் கட்டித் தொங்கவிட்டார். அன்றைக்கு அது கவிழவில்லை. பெரிய வள்ளத்துக்கு என்ன இலக்கணமோ அதுவே எங்கள் கப்பலுக்கும் என்று அவர் நடத்தியதுதான் எனக்கு இன்று வரை பெரிய மகிழ்ச்சியாக நினைவில் நிற்கிறது.

எங்கள் ஊருக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் எந்தக் கடல் எப்போது சீறும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் போலக் கிடக்கும்; வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று தொடங்கியதும் இது தலைகீழாகும். அதற்கேற்ப வள்ளங்களைப் பாம்பன் கால்வாய் வழியாக ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குக் கொண்டுபோய்த் தொழில் செய்வார்கள். வள்ளங்கள் கரை மாறும்போது எங்கள் விளையாட்டும் கரை மாறியது. கச்சான் மாதங்களில் வடகரை, வாடை மாதங்களில் தென்கரை. பள்ளிக்கூடத்து நாட்காட்டியைவிட இந்த நாட்காட்டியையே நாங்கள் உறுதியாகப் பின்பற்றினோம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அமைதியாகக் கிடக்கும் கரை என்பது காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் கரை. சீறும் கடலில் விட்ட கப்பல் ஓரடி கூட முன்னேறாமல் மண்ணில் வந்து குத்தும். அமைதியான கடலில் விட்ட கப்பலோ திரும்பியே வராது. ஆகவே ஒவ்வொரு கப்பலுக்கும் தங்கூசி நரம்பு கட்டி, அதைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, பட்டத்துக்கு நூல் விடுவதுபோல விட்டுக்கொண்டே இருப்போம். நரம்பு தீர்ந்து விரலை வெட்டுவதுபோல் இழுக்கும்போது இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். கப்பலை இழுத்துத் திரும்பக் கொண்டுவரலாம்; அல்லது நரம்பைப் பல்லால் கடித்து அறுத்துவிடலாம். பெரும்பாலும் அறுத்துவிடுவோம். யாருடைய பாய் கடைசி வரை கண்ணுக்குத் தெரிகிறதோ அவர்கள் வென்றவர்கள். கச்சான் காற்று வடகிழக்கு நோக்கித் தள்ளுவதால் எங்கள் கப்பல்கள் எல்லாம் யாழ்ப்பாணம் போய்ச் சேர்கின்றன என்று என் தம்பி உறுதியாக நம்பினான். நானும் மறுத்ததில்லை.

காசு கொடுத்து வாங்கிய கப்பலும் எங்களிடம் ஒன்று இருந்தது. 1988 அக்டோபரில் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை இராமேசுவரம் தீவுக்குப் போக ரயிலை விட்டால் வேறு வழியில்லை. 1914 முதல் இருந்த அந்த ஒற்றை ரயில் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்து போவதே எங்களுக்குத் திருவிழாவின் முதல் பாதி. இரு பக்கமும் தடுப்புச் சுவர் இல்லாமல், சன்னலுக்குக் கீழே நேராகக் கடல் தெரியும். பயணிகள் காசு எறிந்து கும்பிடுவார்கள். பாம்பன் கால்வாய்க்கு மேலே வரும் இடம்தான் தூக்குப் பாலம். கப்பல் கடக்கும் நாளில் ஊழியர்கள் இரு பக்கமும் நின்று நெம்புகோல்களைத் தள்ளித் தள்ளிச் சுற்ற, அந்த இரும்புப் பாளங்கள் இரண்டும் கைகூப்புவதற்கு எதிராகப் பிரிந்து மேலே எழும். அதைப் பார்ப்பதற்கென்றே பாம்பனில் இருந்த அத்தை வீட்டுக்குப் போன நாட்கள் உண்டு. திரையரங்கில் எந்தப் படத்தையும் நான் அவ்வளவு மூச்சடக்கிப் பார்த்ததில்லை. 2022 டிசம்பரோடு அதன் மேல் ரயில் ஓடுவது நின்று, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டுவிட்டது. இப்போது நடுப்பகுதி மின்விசையால் அப்படியே நேராக மேலே உயர்கிறது. அதுவும் அழகுதான். ஆனால் மனிதர்கள் கைவலிக்கச் சுற்றிச் சுற்றிக் கடலுக்குக் கதவு திறந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பழைய பாலத்தின் மேல் உள்ள பாசம் குறையாது.

மாசிச் சிவராத்திரிக்கு அப்படி இராமேசுவரம் போயிருந்தபோது, கோயில் வீதிக் கடையில் அப்பா எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு தகரப் படகு வாங்கிக் கொடுத்தார். டப்டப் படகு என்றால் என் வயதினர் பலருக்கும் புரியும். சிவப்பும் நீலமும் தீட்டிய மெல்லிய தகரம். உள்ளே சிறிய தட்டையான கொதிகலம். அதிலிருந்து பின்பக்கம் நீருக்குள் நீளும் இரண்டு குழாய்கள். குழாய்களில் முதலில் நீர் நிரப்பி, கொதிகலத்துக்கு அடியில் எண்ணெய்த் திரியை ஏற்றி வைத்தால், நீர் ஆவியாகிக் குழாயில் உள்ள நீரைப் பின்னோக்கித் தள்ளும். படகு முன்னே நகரும். ஆவி குளிர்ந்து சுருங்கியதும் குழாய் மறுபடி நீரை உறிஞ்சும், மறுபடி தள்ளும். ஒவ்வொரு தடவையும் தகரம் அதிர்ந்து எழுப்பும் ஓசைதான் அந்த டப்டப். அப்பத்தாவின் பித்தளை அண்டாவில் அது வட்டமிட்டுச் சுற்றுவதை வீடே கூடி நின்று பார்த்தது.

ஆனால் இரண்டு கடல் உள்ள ஊரில் ஒரு படகை அண்டாவில் ஓட்டுவது தம்பிக்குப் பொறுக்கவில்லை. பங்குனியில் வாடை ஓய்ந்து கச்சான் தொடங்காத இடைவெளியில், இரு கடலும் எண்ணெய் போல அசையாமல் கிடக்கும் நாட்கள் சில வரும். அப்படி ஒரு விடியற்காலையில் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் படகை வடகரைக்கு எடுத்துப் போனோம். இடுப்பளவு நீரில் நின்று, தீக்குச்சி கிழித்துத் திரியை ஏற்றி, தம்பி படகை விட்டான். அது டப்டப் என்று ஓசையிட்டபடி, விளக்கோடு, எங்களைவிட்டு நேராகக் கிழக்கே போனது. பத்து அடி இருக்கும். எங்கேயோ போன ஒரு விசைப்படகு கிளப்பிய சிற்றலை ஒன்று மெல்ல வந்து அதைத் தூக்கி இறக்கியது. திரி அணைந்தது. ஓசை நின்றது. தகரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நீரை மொண்டுகொண்டு, கண் எதிரே உள்ளே போய்விட்டது. அந்த இடத்தில் கடல்பாசி அடர்ந்திருக்கும். வெயில் ஏறும் வரை இருவரும் கால்விரல்களால் தரையைத் தடவித் தடவித் தேடினோம். கிடைக்கவில்லை. திரும்பி வரும் வழியில் தம்பி அழவில்லை. "அக்கா, ஈயக்குண்டு கட்ட மறந்துட்டோம்" என்று மட்டும் சொன்னான்.

கடல் தந்ததைப் போலவே பனையும் தந்தது. இந்தக் கரையில் பனையில்லாத வீட்டுக் கொல்லை அரிது. கோடையில் நுங்கு தின்று முடித்த கோந்தைகள் இரண்டை ஒரு குச்சியின் இரு முனைகளில் செருகி, கவைக்குச்சியால் தள்ளிக்கொண்டு ஓடினால் அதுதான் எங்கள் வண்டி. கடற்கரை மணலில் அது புதையும். ரயில் நிலையத்துக்குப் போகும் கெட்டித் தரையில் பறக்கும். பனையோலையைக் குறுக்காக மடித்து, உடைமரத்து முள்ளால் நடுவில் குத்தி, வேப்பங்குச்சியில் பொருத்தினால் காத்தாடி. குடை விரித்ததுபோல நிற்கும் அந்த உடைமரங்களின் முள் வெள்ளை வெளேரென்று ஊசி போல நீண்டிருப்பதால், கடையில் வாங்கும் குண்டூசியைவிட அது காத்தாடிக்குப் பொருத்தமாக அமைந்தது. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு அப்பத்தா ஓலைக் கிலுகிலுப்பை பின்னிக் கொடுப்பாள். உள்ளே போடுவதற்குப் பொடிக்கற்கள் பொறுக்கித் தருவது என் வேலை.

பனம்பழக் காலம் முடிந்ததும் கொட்டைகளை மணலில் வரிசையாக அடுக்கிப் புதைத்துவிட்டு, தைப்பொங்கலுக்குக் கிழங்கு எடுப்பார்கள். கிழங்கைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்ள, முளைத்த கொட்டைகள் எங்களுக்கு. அரிவாளால் ஒரே போடாகப் போட்டுப் பிளந்தால் உள்ளே வெள்ளைப் பஞ்சு போலத் தவுண் இருக்கும். நீர்த்த இனிப்பும் லேசான எண்ணெய்ச் சுவையும் கலந்த அதை இன்று எந்தக் கடையிலும் நான் பார்ப்பதில்லை. அப்பத்தா பிளந்து நீட்டும்போது "இந்தா ஆத்தா, இது உனக்கு, தம்பிக்கு அடுத்தது" என்பாள். முதல் தவுண் எனக்கு என்பது எழுதப்படாத சட்டம்.

பெட்டிக்கடைத் தின்பண்டங்களைப் பற்றி எல்லா ஊர்க்காரர்களும் எழுதிவிட்டார்கள். கமர்கட்டு, தேன்மிட்டாய், சூடமிட்டாய், கையில் கடிகாரமாகச் சுற்றிவிடும் ஜவ்வுமிட்டாய் எல்லாம் எங்களுக்கும் இருந்தன. சதுர வடிவ ஐந்து பைசாவும், பூவிதழ் போல விளிம்பு வளைந்த பத்துப் பைசாவும் எங்கள் உள்ளங்கைகளிலும் வியர்த்தன. எங்கள் கரைக்கே உரியவை என்று இரண்டைச் சொல்வேன். ஒன்று, மீனுக்காக ஐஸ் பாளங்களை உடைக்கும் இடத்தில் சிதறும் சில்லுகள். ஐஸ் வண்டிக்காரரின் மணியோசைக்குக் காத்திருக்கும் பொறுமை இல்லாத நாங்கள், உமியும் மீன் வாடையும் ஒட்டிய அந்தச் சில்லுகளைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாயில் போட்டுக்கொள்வோம். வீட்டில் தெரிந்தால் அடி விழும். இன்னொன்று கீழக்கரைத் தொதல். அரிசி மாவையும் தேங்காய்ப் பாலையும் கருப்பட்டியையும் பெரிய இரும்புச் சட்டியில் இட்டு, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை மணிக்கணக்காகக் கிண்டி எடுக்கும் கறுத்த அல்வா அது. தென்கிழக்கு ஆசியத் துறைமுகங்களோடு மரைக்காயர்கள் நடத்திய கடல் வணிகத்தின் வழியே வந்த பண்டம். மலாய்க்காரர்கள் அதைத் தோடோல் என்கிறார்கள். அப்பாவுடன் வேலை பார்த்த கீழக்கரைக்காரர் ஒருவர் ஒவ்வொரு பெருநாளுக்கும் ஓலைக் கொட்டானில் வைத்துக் கொடுத்தனுப்புவார். கொட்டானைத் திறந்ததும் எழும் அந்தக் கருப்பட்டி மணத்துக்காகவே நாங்கள் பிறை பார்க்கும் நாளை எண்ணிக்கொண்டிருப்போம். தின்று முடித்த கொட்டான் சொப்புச் சாமான் வைக்க எனக்கு வந்து சேரும்.

பொழுதுபோக்கு என்று எடுத்துக்கொண்டால், எங்களுக்கு எல்லாம் கடலுக்கு அப்பாலிருந்தே வந்தது. சென்னை வானொலியும் திருச்சி வானொலியும் இரைச்சலுக்கு நடுவே கேட்ட காலத்தில், இலங்கை வானொலி பக்கத்து வீட்டுக் குரல் போலத் தெளிவாகக் கேட்டது. காலையில் 'பொங்கும் பூம்புனல்' தொடங்கினால் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னும் நேரம் என்று பொருள். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் தமிழ் உச்சரிப்பைக் கேட்டுத்தான் லகர, ளகர, ழகர வேறுபாட்டை நான் கற்றேன். பள்ளியில் கட்டுரை வாசிக்கும்போது அந்தக் குரலைப் போலவே வாசிக்க முயன்றிருக்கிறேன்.

பிறகு தொலைக்காட்சி வந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இலேயே தொடங்கியிருந்தாலும் அதன் அலை எங்களை எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது, அந்நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையிலிருந்து புறப்பட்ட ஒளிபரப்பு கடலைத் தாண்டி எங்கள் மொட்டைமாடிகளுக்கு வந்தது. எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் பெட்டி இருந்தது. நீண்ட இரும்புக் குழாயின் உச்சியில் ஆண்டெனாவைக் கட்டி, அதைத் தென்கிழக்கே திருப்பி வைத்திருந்தார்கள். மாடியில் ஒருவர் குழாயைத் திருப்ப, கீழிருந்து "தெரியல, தெரியல, ஆ, அப்படியே நில்லு" என்று நாங்கள் கூவுவோம். காற்றில்லாமல் புழுங்கும் இரவுகளில் படம் கண்ணாடி போலத் தெளிவாக விழும். காற்று அடித்தால் புள்ளிகளாகச் சிதறும். சிங்களத்தில் ஓடிய கார்ட்டூன் படங்களின் கதையை நாங்களே தமிழில் இட்டுக்கட்டி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். மொழி புரியாதது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

1983-க்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து மனிதர்களே வரத் தொடங்கினார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களைத் தனிமைப்படுத்தி வைப்பதற்காக வெள்ளையர் காலத்தில் கட்டப்பட்ட மண்டபம் முகாமில், இப்போது உயிர் தப்பி வந்த குடும்பங்கள் தங்கின. என் தம்பியின் வகுப்பில் யாழ்ப்பாணக் கரையோர ஊரைச் சேர்ந்த ஒரு பையன் சேர்ந்தான். கோலிக்குண்டைப் போளை என்பான். முதல் வாரம் யாருடனும் பேசவில்லை. இரண்டாம் வாரம் அத்தனை பேருடைய போளைகளையும் வென்று, மாலையில் அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். தம்பி வெகுநாள் மனத்தில் வைத்திருந்த கேள்வியை ஒருநாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் அவனிடம் கேட்டான். பாய்மரம் வைத்த கணவாய் ஓட்டுக் கப்பல்கள் உங்கள் கரையில் ஒதுங்கியதுண்டா என்பதுதான் அந்தக் கேள்வி. அந்தப் பையன் வெகு நேரம் யோசித்துவிட்டு, "கணவாய் ஓடு எங்கட கரையிலயும் கிடக்கும். பாய்மரத்தோட ஒண்டும் நான் காணேல்லை" என்றான். தம்பியின் முகம் வாடியதைப் பார்த்து, "நாங்கள் விடியக் காலமை மட்டும்தான் கரைக்குப் போறது. பின்னேரம் வந்திருக்கும்" என்று சேர்த்துச் சொன்னான்.

1985 தை மாதத்தில் எனக்குக் கரைக்குப் போக அனுமதி இல்லை. வயதுக்கு வந்த பெண் கடற்கரையில் ஓடித் திரியக்கூடாது என்று முந்தைய ஆண்டே முடிவாகிவிட்டது. என்னிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். வாடைக் காலமென்றால் தென்கரையில்தான் எல்லாரும் இருப்பார்கள் என்பதும், யார் யார் கப்பல் விடுகிறார்கள் என்பதும் வீட்டுக்குள் இருந்தபடியே எனக்குத் தெரியும். அந்தப் பொங்கலுக்கு முகாம் பையன் பட்டம் கட்டினான். தம்பி வந்து சொன்ன விவரங்களிலிருந்து அதை நான் மனத்துக்குள் கட்டிப் பார்த்தேன். ஆள் உயரம், மூங்கில் கீற்றுச் சட்டம், மேலே வில் போல வளைத்த ஒரு கீற்றின் இரு முனைகளுக்கும் இடையே, பொதி கட்டும் பிளாஸ்டிக் நாடாவை விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தான். அதற்கு விண் என்று பெயர். காற்றில் அந்த நாடா அதிர்ந்து ஒலி எழுப்பும் என்றும், தன் ஊரில் இரவு முழுவதும் பட்டத்தை இறக்காமல் மரத்தில் கட்டிவிடுவார்கள் என்றும் அவன் சொல்லியிருந்தான்.

அன்று இரவு அவர்கள் தென்கரையில் ஓர் உடைமரத்தில் நூலைக் கட்டிவிட்டு வந்துவிட்டார்கள். சாப்பிட்டு விளக்கணைத்துப் படுத்த பிறகு, அந்த ஒலி கூரைக்கு மேலே எங்கிருந்தோ கேட்டது. தேனீக் கூட்டம் தொலைவில் பறப்பதுபோல ஒரே சுருதியில், வாடை வலுத்தபோது ஏறியும் தணிந்தபோது இறங்கியும் அது கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பத்தா பாயில் புரண்டு படுத்து, "என்ன ஆத்தா அது சத்தம்?" என்று கேட்டாள். பட்டம் என்றேன். விடிய விடியக் கேட்டது.